யாருடைய ஆஸ்பத்திரி?

1952-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பகுதிப் பழங்குடிகளிடம் ரத்தம் எடுத்துச் சோதித்து, அவர்களில் பலருக்குச் சிக்கிள் செல் மரபுக்கூறு இருப்பதாக எழுதியிருந்தார்கள். இந்தியாவில் இந்த மரபுக்கூறு பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் கூறு வந்துவிட்டால் சிவப்பணுக்கள் பிறைபோல் வளைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்து, மூட்டிலும் நெஞ்சிலும் வயிற்றிலும் தாங்க முடியாத வலியைக் கொடுக்கும். மனிதக் கூட்டங்கள் எங்கிருந்து எங்கே பரவின என்பதுதான் அன்றைய ஆய்வாளர்களை இழுத்த கேள்வி. ரத்தம் கொடுத்தவர்களின் வலி அந்தக் கேள்விக்குள் வரவில்லை. கூடலூர்ப் பகுதியில் இந்த நோயை முறையாகத் தேடிக் கண்டறிந்து, நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு அமைந்தது 1990-களில்தான். நடுவில் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்த இடைவெளிக்கு மருத்துவ அறிவைக் குறை சொல்ல முடியாது. ஃபோலிக் ஆசிட் மாத்திரை, வலி நிவாரணம், தொற்று வந்தவுடன் கவனிப்பு, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுதல் என்று உயிரை நீட்டிக்கும் எளிய வழிகள் அந்தக் காலத்திலேயே இருந்தன. நோய் தெரியும், மருந்தும் ஓரளவு தெரியும். அந்த மக்கள் தட்டிக் கேட்கக்கூடிய, அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு நிறுவனம்தான் அங்கே இல்லை. பழங்குடி மக்களுக்கான மருத்துவச் சேவையை அவர்களோடு சேர்ந்து வடிவமைக்க வேண்டும் என்று இன்று எல்லா அரசுகளும் ஒப்புக்கொள்கின்றன. சேர்ந்து வடிவமைப்பது என்றால் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்துக்கொள்வது என்று பெரும்பாலும் முடிந்துபோகிறது. பணம், பணியிடம், எதை முதலில் செய்வது என்ற முன்னுரிமை ஆகிய மூன்றிலும் மக்களின் கை இருக்கும் இடங்களில்தான் சேவை நிலைத்திருக்கிறது என்பது, கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிறது.

சான்றுகளைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று பல சமூகத்தார் சிறுசிறு குடியிருப்புகளில் சிதறி வாழ்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களும் காப்புக்காடுகளும் ஜென்ம நில (பரம்பரை நிலவுடைமை) உரிமைத் தகராறுகளும் நெருக்கி நெருக்கி, அவர்கள் காலங்காலமாகப் புழங்கிய நிலம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 1980-களின் நடுவில் ஸ்டேன் தெக்கேக்கராவும் மாரி தெக்கேக்கராவும் தொடங்கிய ‘அக்கார்டு’ அமைப்பு மருத்துவத்தை முதலில் கையில் எடுக்கவில்லை. நில உரிமையைத்தான் எடுத்தது. அதிலிருந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பழங்குடியினர் கூடலூர் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். அதுவரை ரோட்டோரமாக ஒதுங்கி நடந்த மக்கள் அன்று ரோட்டை நிறைத்தார்கள். மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் இந்த ஊர்வலத்தைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் சங்கம் இருந்தது என்ற இந்த வரிசைதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விளக்கம் என்பதால், இங்கே அதை விட முடியாது.

1987-இல் மருத்துவர்கள் தேவதாசனும் ரூபாவும் கிராம அளவில் சுகாதாரப் பணியைத் தொடங்கினார்கள். சங்கம் இருந்ததால், குடியிருப்புக்கு ஒருவர் என்று சுகாதாரப் பணியாளர்களை மக்களே அனுப்பி வைத்தார்கள். தடுப்பூசியும் கர்ப்பிணிகள் கவனிப்பும் பரவின. பிறகு நோயாளிகளை அனுப்புவதற்கு நம்பகமான ஓர் இடம் தேவைப்பட்டது. 1990-இல் ‘அஸ்வினி’ என்ற அமைப்பின்கீழ் கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி வந்தது. அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அதை நடத்தினார்கள். பழங்குடிப் பெண்களைத் தேர்ந்தெடுத்து அங்கேயே செவிலியர்களாகப் பயிற்றுவித்தார்கள். செவிலியர் படிப்பின் ஆங்கிலப் பாடநூலைக்கூடப் பார்த்திராத பெண்கள், சில ஆண்டுகளில் பிரசவ அறையையும் அறுவை அரங்கையும் கவனித்துக்கொண்டார்கள். நோயாளியின் மொழியில் பேசும் ஒருவர் படுக்கையருகே நிற்பது, வந்தவர் வைத்தியம் முடியுமுன்னே எழுந்து ஓடிவிடாமல் இருக்க எந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தையும்விட உதவியது.

பணத்தில் செய்த ஏற்பாடுதான் இன்னும் கவனிக்கத்தக்கது. 1992-இலேயே சங்க உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடு தொடங்கப்பட்டது. இந்தியாவில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரிய அளவில் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்னால். கூலி வேலை செய்யும் குடும்பங்கள் தலைக்கு ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் செலுத்தின. வசூலிப்பது, யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது, தொகையை எவ்வளவு வைக்கலாம் என்று விவாதிப்பது எல்லாம் சங்கத்தின் வேலை. உடம்பு முடியாமல் வருபவர் வாசலில் பணம் எண்ண வேண்டியதில்லை. தேவதாசனும் உடன் பணியாற்றியவர்களும் பின்னர் இதை ஆராய்ந்தபோது, காப்பீட்டில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆஸ்பத்திரிச் சேவையைப் பயன்படுத்தியது தெரிந்தது. ஓசியில் கிடைத்ததால் கூட்டம் கூடியது என்று இதை வாசிக்கலாம். அதுவரை படுக்கவேண்டிய நோயோடு வேலைக்குப் போனவர்கள் இப்போது படுத்தார்கள் என்றும் வாசிக்கலாம். அந்த வட்டாரத்தின் நோய்ச்சுமையை அறிந்தவர்களுக்கு இரண்டாவது வாசிப்பே பொருந்தும். சந்தா கட்டியவருக்கு ஆஸ்பத்திரியில் ஏதேனும் சரியில்லை என்றால் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் தைரியமும் வந்தது. தர்ம ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் நடந்ததும் இதே திசையில்தான் போகிறது. அபய் பங், ராணி பங் தம்பதி 1980-களில் அங்கே ‘சர்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கோண்ட் பழங்குடி மக்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று அவர்களிடமே கேட்டபோது வந்த பதில்கள் மருத்துவக் கல்லூரியில் யாரும் சொல்லித் தராதவை. பெரிய கட்டடம் மிரட்டுகிறது. கூட வந்தவர்கள் தங்க இடமில்லை. எங்கள் தெய்வம் அங்கே இல்லை. அந்தப் பதில்களை வைத்தே குடிசை குடிசையாக, உறவினர் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கும்படி ஆஸ்பத்திரி அமைந்தது. மக்கள் வணங்கும் தந்தேஸ்வரி தாயின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. கட்டடத்தைவிட முக்கியமான ஒன்று, எந்த நோயை முதலில் எடுப்பது என்பதையும் கிராமத்தார் கூடிப் பேசி முடிவுசெய்யும் சபைகள் அங்கே கூட்டப்பட்டன. அப்படி விடும்போது மருத்துவர்கள் எதிர்பாராத கோரிக்கைகள் வரும். கட்சிரோலியில் பெண்கள் முன்வைத்தது சாராயம். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1993-இல் மாவட்டம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. கூடலூரில் நிலம் முன்னால் வந்தது. தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய ஆஸ்பத்திரி பின்னாளில் விவசாயத்துக்குப் போய் நின்றது. உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கடன் வாங்கும் குடும்பத்தில் சத்துக் குறைவு தீராது என்பதால் இயற்கை விவசாயிகளின் சங்கம் அங்கே உருவானது. உள்ளூர்ப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கிய அந்தப் பள்ளத்தாக்கில், ஆயிரம் பிறப்புக்கு 147 என்றிருந்த குழந்தை இறப்பு சுமார் 20-க்கு இறங்கியது.

இதற்கு எதிராக முதலில் எழும் வாதம் தகுதி பற்றியது. மருத்துவம் படிக்காதவர்கள் மருத்துவத்தை எப்படி வடிவமைப்பார்கள்? அதிகம் படிக்காத பெண்ணின் கையில் ஊசியைக் கொடுக்கலாமா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலும் ஆராய்ச்சியாகவே கிடைத்திருக்கிறது. கட்சிரோலி மாவட்டத்தின் 39 கிராமங்களில் பங் தம்பதி ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைக்குக் கிருமித்தொற்று வந்தால் வீட்டிலேயே ஆன்டிபயாடிக் ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். 47 கிராமங்கள் ஒப்பீட்டுக்கு. 1999-இல் ‘லேன்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்த்தால் பிறந்த நான்கு வாரங்களுக்குள் நிகழும் இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. அலாஸ்காவில் இதே சண்டை நீதிமன்றம் வரை போனது. சாலை எட்டாத கிராமங்களில் பல் மருத்துவர் கிடைக்காததால், பழங்குடிச் சுகாதார அமைப்பு தன் இளைஞர்களை நியூசிலாந்துக்கு அனுப்பிப் பல் சிகிச்சைப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2006-இல் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டே வழக்கு முடிவுக்கு வந்தது. அந்தப் பணியாளர்கள் இன்றும் பல் பிடுங்குகிறார்கள், அடைக்கிறார்கள். பல் மருத்துவர்கள் மட்டும் அந்தக் கிராமங்களில் இன்னும் குடியேறவில்லை.

நம்பிக்கை சார்ந்த தடைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மந்திரவாதியிடம் போவதால்தான் பழங்குடிகள் சாகிறார்கள் என்பது நகரத்தார் தங்கள் மனசாட்சிக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். தங்கள் மொழி பேசும், விரட்டாத ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்தபோது மக்கள் அங்கே போனார்கள் என்பதைக் கூடலூரும் சிட்லிங்கியும் காட்டிவிட்டன. சிலர் இரண்டு இடத்துக்கும் போவார்கள். திருப்பதிக்கு முடிந்துவைத்துவிட்டு ஆஞ்சியோகிராம் செய்துகொள்பவர்கள் நிறைந்த ஊரில் இதைக் குறையாகச் சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

இதைவிடக் கனமான வாதம் அளவு சார்ந்தது. அர்ப்பணிப்புள்ள இரண்டு மருத்துவர், ஒரு பள்ளத்தாக்கு, கொஞ்சம் நன்கொடை என்றால் எதுவும் நடக்கும், பத்துக் கோடிப் பழங்குடிகளுக்கு அரசு எப்படிச் செய்யும்? இந்தியாவில் பெருக்கிய அனுபவம் ஒன்று இருக்கிறது. சத்தீஸ்கரில் 2002-இல் தொடங்கிய மிதானின் என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர் திட்டம் போன்ற முன்மாதிரிகளைப் பார்த்து, 2005 முதல் ஆஷா பணியாளர்கள் நாடெங்கும் வந்தார்கள். கட்சிரோலியின் வீட்டு அளவிலான சிசுக் கவனிப்பும் 2011-இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. உத்தி பரவியது. அதிகாரம் பரவவில்லை. ஆஷா இன்று வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு, மேலிருந்து வரும் பட்டியலை நிரப்புபவர். கிராமத்துக்குப் பதில் சொல்லும் இடத்திலிருந்து இலாகாவுக்குக் கணக்குக் கொடுக்கும் இடத்துக்கு அவரை நகர்த்திவிட்டார்கள். கிராம சுகாதாரக் குழுக்கள் காகிதத்தில் எல்லா இடத்திலும் உண்டு. அந்தக் குழு தன் விருப்பப்படி செலவிடக்கூடியது ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் மலைமேல் எட்டுக் குடியிருப்புகள் இருந்தாலும் அதே பத்தாயிரம். இதை வைத்துக்கொண்டு மக்கள் பங்கேற்பு தோற்றுவிட்டது என்று அறிக்கை எழுதுவது, கொடுக்காத சோற்றுக்கு உப்பில்லை என்று சொல்வதைப் போன்றது.

அதிகாரத்தையும் சேர்த்துப் பெருக்கிய இடம் அலாஸ்கா. அமெரிக்காவில் 1975-இல் வந்த பழங்குடித் தன்னாட்சிச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. மத்திய அரசு ஒரு சேவையைத் தானே நடத்தினால் எவ்வளவு செலவிடுமோ அந்தத் தொகையைப் பழங்குடி அமைப்பு ஒப்பந்தம் போட்டு வாங்கி, சேவையைத் தானே நடத்தலாம். ஆங்கரேஜ் நகரில் 1982-இல் தொடங்கிய சவுத்சென்ட்ரல் ஃபவுண்டேஷன் இந்த வழியில் சிறுகச்சிறுகப் பொறுப்பேற்று, 1990-களின் இறுதிக்குள் முழு அடிப்படை மருத்துவச் சேவையையும் தன் கைக்குக் கொண்டுவந்தது. அதற்குமுன் அரசு ஆஸ்பத்திரியில் மணிக்கணக்கில் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் முகம் தெரியாத ஒரு மருத்துவரைப் பார்த்தவர்கள் என்ன வேண்டும் என்று சொன்னார்களோ அதன்படி ஏற்பாடு மாறியது. குடும்பத்துக்கு ஒரு நிலையான மருத்துவக் குழு, அன்றைக்கே சந்திப்பு, பரிசோதனை மேசை இல்லாமல் உட்கார்ந்து பேசும் அறை. அவசர சிகிச்சைக்கு வருபவர்களும் ஆஸ்பத்திரியில் படுக்கும் நாட்களும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. அமெரிக்காவின் தரத்துக்கான தேசிய விருதான பால்ட்ரிஜ் 2011-இலும் 2017-இலும் அவர்களுக்குக் கிடைத்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான சேவை இது, ஒரு பள்ளத்தாக்கின் கதை இல்லை.

பெருக்க முடியும் என்று ஒப்புக்கொள்பவர்களும் வேறொரு பயத்தைச் சொல்வார்கள். மக்களிடம் ஒப்படைக்கிறோம் என்ற பெயரில் அரசு கைகழுவிவிடாதா? கழுவும், விட்டால். கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நன்கொடையை எதிர்பார்த்து நிற்பது இந்தப் பயத்துக்கு ஆதாரம். அரசு செய்ய வேண்டியதைச் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு, அரசு அதே மக்களுக்காகச் செலவிட்டிருக்கக்கூடிய பணம் உரிமையாக வந்து சேர ஒரு சட்டம் இங்கே கிடையாது. திட்டம் வரும், போகும், அதிகாரி மாறினால் ஒப்பந்தம் தொங்கும். அமெரிக்கச் சட்டம் இருந்தும் அங்கே பாக்கி வைத்தார்கள். நிர்வாகச் செலவை முழுதாகத் தர மறுத்தபோது பழங்குடி அரசுகள் வழக்காடின. 2012-இலும் மறுபடி 2024-இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் இருந்ததால் வழக்காட முடிந்தது.

மக்கள், மக்கள் என்கிறோமே, அவர்களில் யார்? என்னைப் பொறுத்தவரை எல்லா ஆட்சேபங்களிலும் கடினமானது இதுதான். கூடலூரிலேயே நிலமும் படிப்பும் ஓரளவு வாய்த்த முள்ளுக்குறும்பர்களும், தலைமுறை தலைமுறையாகக் கொத்தடிமைகளாக இருந்த பணியர்களும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்தால் யார் குரல் உரக்கக் கேட்கும் என்று ஊகிக்கலாம். முதலில் பயிற்சிக்கு வருவதும் வேலையைப் பிடிப்பதும் படித்தவர்கள்தான். பெண்களின் நோயை ஆண்கள் நிறைந்த சபை முன்னுரிமைப் பட்டியலில் கடைசியில் வைக்கலாம். இதற்கு முழுமையான தீர்வு எங்கும் கிடையாது. சமூகத்துக்கு இத்தனை இடம், பெண்களுக்கு இத்தனை இடம் என்று எழுதிவைப்பதும், சிறிய குடியிருப்புகளிலிருந்து பணியாளர்களைத் தேடிப்பிடித்துப் பயிற்றுவிப்பதும் ஓரளவு உதவும். ஆனால் இதே கேள்வியை அரசின் மாவட்டச் சுகாதாரச் சங்கத்திடம் யாரும் கேட்பதில்லையே. அங்கே பணியர் சமூகத்துப் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு இதைவிடக் குறைவு.

எல்லோருக்கும் ஒரே சேவை போதும், தனி ஏற்பாடு பிரிவினை என்ற குரல் நியூசிலாந்தில் வென்றது. மாவோரி மக்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுளில் ஏறக்குறைய ஏழு ஆண்டு வித்தியாசம் நிலவும் நாட்டில், 2022 ஜூலையில் மாவோரி சுகாதார ஆணையம் அமைந்தது. சேவைகளை வாங்கவும் திட்டமிடவும் அதற்கு அதிகாரம் இருந்தது. ஆட்சி மாறியதும் 2024 பிப்ரவரியில் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தி, அந்த ஜூன் முடிவோடு கலைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் ஆயுள் இடைவெளி குறையவில்லை என்று யாரும் அதைக் குறைசொல்ல முடியாது. எந்த நிறுவனத்தாலும் அது முடியாது. நாடாளுமன்றத்தில் ஒரு பெரும்பான்மை கொடுத்ததை இன்னொரு பெரும்பான்மை ஒரே வாரத்தில் பறிக்க முடிந்ததுதான் அதன் பலவீனம்.

தமிழ்நாட்டின் நிலை இந்த விஷயத்தில் விசித்திரமானது. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே பழங்குடியினர் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, மக்கள்தொகையில் 1.1 சதவீதம். மாநிலச் சராசரி நன்றாக இருக்கும்போது இவ்வளவு சிறிய பங்கின் துயரம் அந்தச் சராசரியில் தெரியாது. அபய் பங் தலைமையில் அமைந்த மத்திய அரசின் நிபுணர் குழு 2018-இல் கொடுத்த அறிக்கை, பழங்குடிகளின் உடல்நலம் பற்றிய தனித் தகவல்களே நாட்டில் முறையாகத் திரட்டப்படுவதில்லை என்றது. மக்கள்தொகையில் 8.6 சதவீதமாக உள்ளவர்கள் மலேரியா மரணங்களில் பாதியைச் சுமக்கிறார்கள் என்பது அந்த அறிக்கை திரட்டியவற்றில் ஒன்று. மேலும், தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கான அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குல நிலமும் அறிவிக்கப்படவில்லை. 1996-இல் பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் கொடுத்த பெசா சட்டம் ஆகவே இங்கே செல்லாது. சத்தீஸ்கரின் ஒரு கிராம சபைக்குச் சட்டத்திலாவது உள்ள பிடிமானம் கூடலூருக்குக் கிடையாது.

இந்தச் சூழலில்தான் 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கிவைக்கப்பட்டது. 40 வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்பது குறிக்கோள். சோதித்தவர்களுக்கு அட்டை தரப்படுகிறது. திருமணத்துக்கு முன் பெண்ணின் அட்டையையும் பையனின் அட்டையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். மரபியல் கணக்கில் இது சரி. மரபுக்கூறு உள்ளவள் என்று அட்டை சொன்ன பெண்ணுக்கு வரன் தட்டிப்போனால் அதை யார் பேசித் தீர்ப்பது, அந்த அட்டையின் தகவல் எந்தக் கணினியில் இருக்கிறது, யார் பார்க்கலாம், நோய் உறுதியானவருக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை மாதம் தவறாமல் எந்தத் துணைச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்பது என்பவை வடிவமைப்புக் கேள்விகள். கூடலூரில் பல ஆண்டுகளாக நோயாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் வைத்துக்கொண்டு இவற்றுக்கு விடை தேடியிருக்கிறார்கள். மாநில அரசு பெசாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீலகிரியிலும் மற்ற மலை வட்டாரங்களிலும் இந்த இயக்கத்துக்கு ஒதுக்கும் பணத்தையும், பணியாளர் தேர்வையும், அட்டைத் தகவலின் பாதுகாப்பையும் பழங்குடிப் பெரும்பான்மை கொண்ட வட்டாரக் குழுக்களிடம் ஒப்படைக்க மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் போதும். அந்தக் குழு முதல் கூட்டத்தில் சிக்கிள் செல்லை ஒதுக்கிவைத்துவிட்டு ஆற்றைக் கடக்க ஒரு பாலம் கேட்டால், அதையும் சுகாதாரச் செலவாக எழுத அந்தச் சட்டத்தில் இடம் இருக்க வேண்டும்.